வக்கீலுக்குத் துவைக்காத துணி

1

இந்தக் கதை ஒரு எழுத்துப்பிழையில் பிறந்தது. பிழை என்னுடையதுதான். எதிர்வீட்டு நர்ஸ் அக்காவின் பூனையைக் காணவில்லை என்றதும் நோட்டீஸ் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுத்தாளன் என்று ஒருத்தன் குடியிருப்பில் இருக்கிறானே, இதற்காவது உதவட்டும் என்று நினைத்திருப்பார்கள். ‘பூனை தொலைந்துவிட்டது’ என்று எழுதினேன். என் அண்ணி எட்டிப் பார்த்தார்.

“தொலைஞ்சுதா? அது என்ன தானாவா போச்சு? செயலாளர் சாக்குல போட்டு, ஸ்கூட்டர்ல கொண்டுபோய் மார்க்கெட்டுக்குப் பின்னாடி விட்டுட்டு வந்தாரு. என் கண்ணால பாத்தேன். அந்த ‘ந்’தை அடிச்சிட்டு ‘த்’ போடு தம்பி.”

போட்டேன். ‘பூனையைத் தொலைத்துவிட்டார்கள்.’ ஓர் எழுத்தை மாற்றப்போய் வாக்கியமே மாறிவிட்டது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அன்றே அதைக் கிழித்துப்போட்டார்.

(அடிப்படையில் அவர் நல்ல மனிதர்தான், ஆனால்... வேண்டாம். இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

2

தொடக்கத்துக்கு ஒரு முயற்சி: ‘அந்திச் சூரியன் மெல்லச் சாய...’ சீ! எத்தனை பேர்தான் அதைச் சாய்ப்பது?

இன்னொன்று: ‘வக்கீல் என்பது ஒரு பூனையின் பெயர்.’ இது தேவலை. கறுப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, எதற்கெடுத்தாலும் வாதாடும். நர்ஸ் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, ஏன் இவ்வளவு லேட் என்று கத்தித் தீர்க்கும். அந்த வீட்டில் அவரைக் கேள்வி கேட்க வேறு ஆள் இல்லை. இப்போதும் அந்தப் படி வந்ததும் அவர் நின்றுவிடுகிறார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

3

அண்ணி இதற்கு முன்பும் பூனைகளை வீடு சேர்த்திருக்கிறார். ஆனால் தூக்கிக்கொண்டு வரமாட்டார்.

“தூக்குனா பிறாண்டிட்டு ஓடிரும். வழியக் காட்டுனா அதுவா வரும்.”

வழி என்றால் வளர்த்தவரின் துவைக்காத துணி. மார்க்கெட் பின்சுவரிலிருந்து எங்கள் கேட் வரை நர்ஸ் அக்காவின் தலையணை உறை, துண்டு, பழைய நைட்டி எல்லாம் சுவர் சுவராகத் தொங்கின.

“என் அழுக்கெல்லாம் ஊரே பாக்குதேடி!” என்றார் நர்ஸ் அக்கா.

“ஊர் பாத்துட்டுப் போகுதுக்கா. அவன் மோந்தா போதும்.”

செயலாளர் வந்தார். “சுவத்துல துணி காயப்போடக்கூடாதுன்னு சங்கத்துல விதி இருக்கும்மா.”

“யாரு சார் காயப்போட்டா? இது இன்னும் துவைக்கவே இல்ல. சந்தேகமா இருந்தா மோந்து பாருங்க.”

அவர் மோந்து பார்க்கவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் வக்கீல் நுழைகிற சந்து இடுக்கைத் தகரத்தால் மூடி, போல்ட் போட்டு முடுக்கிவிட்டுப் போனார்.

4

பத்திரிகை ஆசிரியரிடம் இதுவரை எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன்.

“நல்லாருக்கு. கடைசில பூனை செத்துடட்டுமே? ஒரு லாரி வரட்டும். அப்பதான் கதைக்குக் கனம்.”

செயலாளர் சாக்கில் தொலைத்தார், நான் பேனாவால் தொலைக்கவா? மாட்டேன். என் கதையில் லாரி கிடையாது. சைக்கிள்கூட மெதுவாகத்தான் போகும். இஷ்டமிருந்தால் போடட்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பட்டும்.

செயலாளர் மனம் திருந்தி வக்கீலுக்குப் பால் வைப்பதாகவும் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது முடிவை யோசித்துக்கொண்டிருந்தபோது...

5

“தம்பி! வந்துட்டான்!”

அண்ணியின் குரல், அடக்கிக் கத்துகிறார். ஜன்னலில் பார்க்கிறேன். எதிர்ச்சுவரில், நர்ஸ் அக்காவின் துண்டின்மேல் வக்கீல். இளைத்துப்போயிருக்கிறது. ஆள் கிட்டே போனால் பின்வாங்குகிறது, சாக்கை மறக்கவில்லை. வந்தால் தன் பழைய சந்து வழியாகத்தான் வரும். அதை அடைத்துக்கொண்டு தகரம் நிற்கிறது.

மன்னிக்க வேண்டும், எழுத நேரமில்லை. நான் ஸ்பேனரோடு கீழே போகிறேன். மேல்மாடியில் செயலாளரின் கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது. கேட்கட்டும்.

ஒரே ஒரு சிக்கல். போல்ட்டைக் கழற்றும்போது தகரத்தின் ஒரு முனையை அண்ணி பிடித்துக்கொள்வார். மறுமுனையை யாரும் பிடிக்காவிட்டால் அது தடாலென்று விழும், வக்கீல் ஓடிவிடும். நர்ஸ் அக்கா சந்துக்கு உள்பக்கம் நின்று வக்கீலைக் கூப்பிட வேண்டும்.

நீங்கள் இவ்வளவு நேரம் சும்மாதானே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? வாருங்கள், அந்தப் பக்கம் பிடியுங்கள்.