விலகிய நிறம்

சிவகாசி அச்சகம் ஒன்றில் சுல்தான் இருபது வருஷமாக மிசின்மேன். காலண்டர் தாளில் ஒரு நிறம் அதன் கோட்டிலிருந்து மயிரிழை நகர்ந்தாலும் போதும், “விலகிருச்சுலே!” என்று மிசின் சத்தத்துக்கு மேல் கத்தித் தாளைக் கசக்கி எறிவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் தங்கை ஹாதியா பலகைமேல் நீலப் பெயிண்டையும் மஞ்சள் பெயிண்டையும் கப்பு கப்பாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கைநடுக்கம். தூரிகை விரலில் நிற்காது. பெயிண்டை ஊற்றிப் பலகையை ஆடவிட்டுத்தான் படம் போடுவாள். பலகையை இரண்டு கையாலும் தூக்கினாள். அது கிடுகிடுவென்று ஆடியது. சுல்தானுக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்துபோய் மறுமுனையை இறுகப் பிடித்தார். பெயிண்ட் அப்படியே குட்டையாகத் தேங்கியது.

“ஓடுற மிசின்ல கையை வைப்பீகளாண்ணே?” என்று சீறினாள் ஹாதியா.

சுடுபட்டவர்போலக் கையை எடுத்தார். இதே வார்த்தையைச் சொல்லி அச்சகத்தில் அவர் எத்தனை பேரைத் திட்டியிருப்பார்!

பலகை மறுபடி ஆடியது. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் நீலம் மஞ்சளுக்குள் நெளிந்து புகுந்தது. ஆப்பத்தில் கண் விழுவதுபோல ஓரமெல்லாம் பச்சைக் கண்கள் திறந்தன. எந்த மிசினும் இப்படி ஒன்றை அடித்து அவர் பார்த்ததில்லை.

“அம்புட்டும் விலகிருச்சும்மா,” என்றார் சுல்தான்.

இருபது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் திட்டாமல் சொன்னது அன்றைக்குத்தான்.