“செல்லமே” என்று கூப்பிடும் நர்ஸ்

காலையில் அலைபேசி அடித்தால் போதும், எடில்சாவின் கையிலிருக்கும் காப்பிக் கோப்பை ணங்கென்று மேசையில் இறங்கும்.

“எப்படி இருக்கீங்க செல்லமே?” என்று கேட்கும் குரல் யூரானிஸ் என்ற நர்ஸுடையது. இதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களைத் தினமும் அழைத்து விசாரிப்பது அவள் வேலை. அவர்கள் ஊரான பர்ராங்கியாவில் மீன்காரி முதல் பாதிரியார் வரை எல்லாரும் எல்லாரையும் செல்லமே என்றுதான் கூப்பிடுவார்கள். எடில்சாவே முட்டைக்காரனை அப்படித்தான் கூப்பிடுவாள். அந்தச் சொல்லால் அவள் வயிறு எரியவில்லை.

எரிந்தது வேறு காரணத்தால். அவள் கணவர் நிகனோர் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவளிடம் வாயைத் திறந்தால் “ஒண்ணுமில்லடி”, இல்லாவிட்டால் “சூப்புல உப்பே இல்ல”. அந்த நர்ஸிடம் மட்டும் எடை எவ்வளவு, தூக்கம் எப்படி, மூச்சு எப்படி என்று மணிமணியாக ஒப்பிப்பார். நடுவில் சிரிப்பு வேறு. தையல் வலிக்காமல் இருக்க ஒரு குட்டித் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிப்பார். முதுகு தேய்த்து, மாத்திரை கொடுத்து, திட்டும் வாங்குவது இவள். சிரிப்பை வாங்கிக்கொண்டு போவது எவளோ ஒருத்தியா?

“அவகிட்ட அப்படி என்னய்யா பேச்சு?”

“கேக்குறா, சொல்றேன்.”

“நான் கேக்கலையா?”

“நீ கேட்டுட்டு உடனே அழுவடி.”

மறுநாள் முதல் அலைபேசி எடில்சாவின் சட்டைப்பைக்குள் போய்விட்டது. மணி அடித்தால் புழக்கடை மாமரத்தடிக்குப் போவாள்.

“அவரு தூங்குறாரு. நல்லாத்தான் இருக்காரு.”

“எடை பாத்தீங்களா செல்லமே? கால்ல வீக்கம் ஏதாவது...”

“எல்லாம் சரியாதான் இருக்கு.” பட்டென்று வைத்துவிடுவாள்.

பறிபோன சிரிப்பை மீட்க அவளிடம் ஆயுதம் இருந்தது. வள்ளிக்கிழங்கைக் குழைய வேகவைத்து, உப்பில் ஊறிய பாலாடைக்கட்டியைத் துண்டு துண்டாகப் போட்ட சூப்பு. நிகனோர் தட்டை வழித்து நக்கினார். “இதாண்டி சாப்பாடு!” அன்றிலிருந்து தினமும் அதுவே. எடை பார்க்கும் கருவி கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்தது. எடில்சா ஜெயித்துவிட்டதாகவே நினைத்தாள்.

அப்புறம் ஒருநாள் நிகனோர், “செருப்பு கடிக்குதுடி. கொஞ்சம் பெருசா வேற வாங்கிக் குடு” என்றார்.

“புதுச் செருப்பு யாருக்குக் காட்ட? அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போறோமே, அதுக்கா?”

படுக்கையில் இன்னொரு தலையணை கேட்டார். பிறகு இன்னொன்று. ஒரு விடியற்காலையில் பார்த்தால் படுக்கை காலியாக இருந்தது. அவர் முன்னறையில், முன்பு அலைபேசியை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

எடில்சாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “விடியறதுக்கு முன்னாடியே காவலா? அவ கூப்பிடுவான்னு பாத்துக்கிட்டு இருக்கியா?”

அவர் வாயைத் திறந்து திருதிருவென்று விழித்தார். பதில் சொல்ல மூச்சு இல்லை. அவளோ அதைத் திருட்டு முழி என்று எடுத்துக்கொண்டாள். பாவம், பொறாமை கண்ணை மறைத்தால் எதிரில் இருப்பவர் திணறுவதுகூடத் தெரிவதில்லை.

நண்பகலில் அவர் உதடு நீலம் பாய்ந்தது. அப்போதுதான் அலறினாள். பக்கத்து வீட்டுக்காரரின் டாக்ஸியில், கொஞ்ச நாளைக்கு முன் பூங்கொத்தோடு வெளியே வந்த அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனார்கள். டாக்டர் தடுத்திருந்த உப்பு தினமும் சேர்ந்ததில், உடம்பில் நீர் கோத்து நுரையீரல் வரை ஏறியிருந்தது. பிழைப்பாரா என்று இரண்டு நாள் யாராலும் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் அவர் கண் திறந்ததும் யூரானிஸ் வந்தாள். எடில்சா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“அம்மா, இவரு படுத்துத் தூங்குனாரா?”

“தலையணை மேல தலையணை கேட்டாரு. அப்புறம் நாற்காலியிலயே...” எடில்சாவின் குரல் தேய்ந்தது.

“செருப்பு பத்தலைன்னாரா?”

“சொன்னாரு. உனக்காகத்தான் கேக்குறாருன்னு நெனச்சேன்.”

“எனக்காகவா! என் புருஷனே எனக்காகச் செருப்பு மாத்துனதில்ல செல்லமே.” சிரித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு எடில்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உடம்புல தண்ணி சேந்தா எடை ஏறும். கால் வீங்குனா செருப்பு பத்தாது. நெஞ்சுல தண்ணி ஏறுனா படுக்க முடியாது. இதைத்தான் தினமும் கேட்டேன். அன்னிக்கே சொல்லியிருந்தா டாக்டர் மாத்திரைய மாத்தியிருப்பாரு. இவரு அனேகமா வீட்டுலயே இருந்திருப்பாரு.”

எடில்சா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூக்கில் குழாயோடு நிகனோர் முனகினார். “நானும் உன்கிட்ட சொல்லியிருக்கணும்டி. பயந்துடுவியேன்னுதான்...”

வீடு திரும்பிய மறுநாள் காலையில் அலைபேசி அடித்தது. எடில்சா ஒலியைக் கூட்டி மேசை நடுவில் வைத்தாள்.

“எடை எவ்வளவு செல்லமே?”

“சொல்லுய்யா, நானும் கேக்குறேன்.” அவர் சொல்லி முடித்ததும் எடில்சா அலைபேசியிடம் குனிந்தாள். “பொறாமையில நான் போனை மறைச்சேன். பயத்துல இவரு நோவை மறைச்சாரு. டாக்டரு தைச்சு அனுப்புன நெஞ்சை ரெண்டு பேருமா சேர்ந்து திரும்ப ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டோம். உன்மேல பொறாமை எனக்கு இன்னும் போகல தாயே. இருந்துட்டுப் போகட்டும். நீ தினமும் கூப்பிடு, உள்ளதை உள்ளபடி சொல்றோம்.”