இரண்டு நேரக் கறவை

மாடு வாங்குவதற்கும் கார் வாங்குவதற்கும் தேவகனிக்கு ஒரே சட்டம்தான். சாயங்காலமும் காலையிலும் கறந்து பார்க்காமல் சம்மதம் சொல்லக் கூடாது. ஒரு நேரம் கறக்காமல் விட்டு, மடி நிறைந்த மாட்டைக் காட்டித் தலையில் கட்டுகிற ஆட்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்!

அஞ்சுகிராமத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த அவள் புருஷன் ரசலையனுக்கு இதைக் கேட்டதும் மானமே போயிற்று. பேச்சிப்பாறைப் பக்கம் எஸ்டேட் வைத்திருந்த துரை, சீமைக்குக் கிளம்பும்போது விட்டுப்போன சிவப்புப் பந்தயக் காரை வாங்கத்தான் அவன் பேசி வைத்திருந்தான். துரை வட்டக்கோட்டைக் கடற்கரைக்கு அதில் பறக்கும்போதெல்லாம், அளந்த துணியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடியவன் இவன். அது தன் வீட்டு முற்றத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. "ஒரிஜினல் எஞ்சினாக்கும், ஒருத்தன் கை பட்டதில்ல" என்று ஊரெல்லாம் பீற்றியும் வைத்திருந்தான்.

எஸ்டேட் மேனேஜர் ஞானசிங் சாயங்காலம் காரைக் கொண்டுவந்தார். அது உறுமிய உறுமலில் ரசலையன் சொக்கிப்போனான்.

"ராத்திரி இங்க கிடக்கட்டும் அண்ணே. காலையில ஒருக்கப் பாத்துட்டுச் சொல்லுதோம்" என்றாள் தேவகனி.

"இதென்ன பசுவா தங்கச்சி?" என்று ஞானசிங் சிரித்தார். ஆனாலும் விட்டுவிட்டுப் போனார்.

காலையில் அவர் வந்து எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். கார் இருமிவிட்டு அடங்கியது. மறுபடி சுற்றச் சுற்ற, முற்றமே மறைகிற அளவுக்குப் புகையைக் கக்கிவிட்டு, முக்கிமுனகித்தான் ஓடத் தொடங்கியது.

ஞானசிங் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரிஜினல் எஞ்சின்னு பொய் சொல்லிட்டேன், மன்னிக்கணும். துரை இருக்கும்போதே மலையேத்தத்துல எஞ்சின் போயிட்டு. பிரிச்சு, பாதிச் சாமான் புதுசு போட்டுக் கட்டினது. சூடாயிட்டுன்னா நல்லா ஓடும்."

"அப்ப எனக்கு வேண்டாம். கொண்டு போங்க" என்றான் ரசலையன். பாவம், கண் மட்டும் காரை விட்டு நகரவில்லை.

தேவகனி அவன் பக்கத்தில் போய் நின்றாள். "ஒருக்கப் பிரிச்சிட்டா ஆவாதோ?"

"ஆவாதுட்டி. அசல்னா அசலா இருக்கணும்."

"போன வருசம் ஆஸ்பத்திரியில என் வயித்தையும் கீறித் தச்சாவ. இனி பிள்ளை இல்லன்னும் சொல்லிட்டாவ. அப்ப என்னையும் அங்கேயே விட்டுட்டு வந்திருக்கணுமோ?"

அவள் பிழைத்தால் போதும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்து, கண்ட நர்சையெல்லாம் கும்பிட்டவன் ரசலையன்.

"அந்தப் பேச்சை இனி எடுக்கப்படாது, கேட்டியா?" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை இன்னும் அடங்காத காரின் கதவை அவளுக்காகத் திறந்துவிட்டான்.