உப்பரண் அட்டையில் இருந்த பெயர்

மூக்குக்கண்ணாடி வாங்கப் போன இடத்தில், பக்கத்துப் புத்தகக் கடையின் வாசலில் என் தம்பியின் கோட்டையைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

ஆள் உயரச் சுவரொட்டி. வரப்போகும் ஒரு புத்தகத்தின் அட்டையைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். வெள்ளைச் சுவர், அதில் மழைநீர் வழிந்து அரித்த தடங்கள், சுவர் விழாமல் தாங்குவதுபோல் அழுத்தியிருக்கும் ஒரு கை. மேலே 'உப்பரண்' என்று தலைப்பு. அதற்குக் கீழே எழுதியவர் பெயர்: மழைக்காரர்.

யார் இந்த மழைக்காரர்?

உப்பரண் என் தம்பியின் சொத்து. உப்பைக் கொண்டு கட்டிய கோட்டை. மழை வலுத்தால் கரைந்துபோகும். அதற்குள் இருப்பவர்கள் பிழைக்க வேண்டும். ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம் அது. ஒருவர் தளபதி, ஒருவர் சமையல்காரி, ஒருவர் எதிரியின் ஒற்றன் என்று ஆளுக்கொரு வேடம். என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். பலித்ததா இல்லையா என்று பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். அதன் விதிகளைத் தம்பி இருபத்திரண்டு வருடமாக நாள்காட்டித் தாள்களின் முதுகில் எழுதி வந்திருக்கிறான். தெற்குச் சுவர் எங்கே, தானியக் கிடங்கு எங்கே என்று என் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக் கோடு போட்டவன் அவன். அந்தத் தாள்களை ஒதுக்கிவிட்டுத் தட்டு வைத்தவள் நான்.

கடைக்குள் போனேன். "வெளியே ஒட்டியிருக்கீங்களே, அது யாரோடது?"

"மழைக்காரரோடது மேடம். பெரிய ஆளு. அந்தப் புக்குக்காக நாலு வருஷமா காத்துக்கிட்டிருக்கோம்" என்றார் கடைக்காரர்.

"பெரிய ஆளா? பெரிய திருடன்."

சுவரொட்டியின் அடியில் பதிப்பகத்தின் முகவரி இருந்தது. கண்ணாடி வாங்காமலே கிளம்பினேன். தம்பியிடம் முதலில் சொல்லியிருக்கலாம். ஆனால் யாராவது அவன் காலை மிதித்தால் அவன்தான் மன்னிப்புக் கேட்பான். அவனை நம்பி எந்தச் சண்டைக்கும் போக முடியாது. நான் நீதிமன்றத்துத் தட்டச்சுப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவள். பெயரும் கையெழுத்தும் இல்லாத ஒரு தாள் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. எங்கள் அப்பா மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் தலைமை அதிகாரி. அவர் பெயரை எழுதாமல் ஒரு மாத்திரை வெளியே போகாது. அந்த வீட்டுப் பிள்ளையின் உழைப்பில் எவனோ தன் பெயரை ஒட்டிக்கொள்வதா?

மூன்றாவது மாடியில் இரண்டே அறைகள். முன்னறையில் குறுக்கே கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் கிளிப்பு மாட்டி அட்டைப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். கொண்டையில் பென்சில் செருகியிருந்த ஒரு பெண் கணினி முன்னால் இருந்தாள். தாடி வைத்த கனத்த மனிதர் ஒருவர் செருப்பில்லாமல், தொலைபேசியில் அச்சகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். பதிப்பாளர் அவர்தான். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"உப்பரண் அட்டை யார் செஞ்சது?" என்றேன்.

"நான்தாம்மா!" என்று அந்தப் பெண் எழுந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. "பிடிச்சிருக்கா? இன்னிக்குச் சாயங்காலம் அச்சுக்குப் போகுது. இங்க வாங்க, ஒதுக்கினதையும் பாருங்க."

நான் வந்த வேகம் அவளுக்குப் புரியவில்லை. கயிற்றில் தொங்கியதை ஒவ்வொன்றாகக் காட்டினாள். முதலாவதில் வாள் தூக்கிய வீரன். அடுத்ததில் நெருப்புக் கக்கும் சிறகு வைத்த நாகம்.

"புக்குல நாகமே கிடையாதும்மா. ஆனா அட்டையில நாகம் இருந்தா கை தானா எடுக்கும்னு எங்க சார் சொன்னாரு. எழுதினவர் ஒத்துக்கல. வீரன் முகத்தைப் போட்டா வாங்குறவன் அந்த முகமாத்தான் விளையாடுவான், ஒரு கையை மட்டும் போடு, கை எல்லாருக்கும் இருக்குன்னுட்டாரு. சுவரைத் தொட்டுப் பாருங்க. சொரசொரன்னு உப்பு மாதிரியே இருக்கா? மழை வழிஞ்ச இடம் மட்டும் வழவழன்னு இருக்கும். தலைப்பை உச்சியில வெச்சதுக்கும் காரணம் இருக்கு. கடை அடுக்குல முன்னால ஒரு புக் மறைச்சாலும் மேல் பாகம் தெரியணும்ல? தைச்ச கட்டு. மேசையில விரிச்சு வெச்சா தானா மூடிக்காது. டீ கொட்டினா துடைச்சுக்கலாம்."

"திருடின சாமானுக்கு இவ்வளவு ஜோடனையா?"

அவள் கை அட்டையிலேயே நின்றுவிட்டது. பதிப்பாளர் தொலைபேசியை மார்பில் கவிழ்த்துக்கொண்டார். "அம்மா, நீங்க யாரு?"

"இந்த ஆட்டத்தை உண்டாக்கினவனோட அக்கா. என் வீட்டு மேசையில பிறந்தது இது. என் தம்பி வாயில்லாப் பூச்சி. அதட்டிப் பேசினா அழுதுடுவான். அவன்கிட்ட தாளெல்லாம் உருவிக்கிட்டு, மழைக்காரன் வெயில்காரன்னு எவன் பேரையோ போட்டு விக்கிறீங்க. கூப்பிடுங்க அந்த ஆளை. என் எதிர்ல வந்து நிக்கட்டும்."

பதிப்பாளர் வடிவமைப்பாளரைப் பார்த்தார். அவள் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். அந்த நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து இடி விழுந்ததுபோல் ஒரு குரல் வந்தது.

"எவனும் அசையக் கூடாது! தெற்குச் சுவர் போயிடுச்சு! தளபதி, நீ இடுப்பு வரைக்கும் சேத்துக்குள்ள. என்ன பண்ணப் போற, சொல்லு!"

அறுபது வருடமாகக் கேட்கும் குரல். இந்தச் சத்தத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. கதவைத் தள்ளித் திறந்தேன்.

நாலு பேர் மேசையைச் சுற்றிப் பகடையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மேசையின் தலைப்பக்கத்தில் என் தம்பி. வெளியே வெயில் கொளுத்துகிறது, அவன் நீல மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தான். தினமும் காலை பத்து மணிக்கு "வேலை இருக்குக்கா" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புவான். இதுதானா அந்த வேலை?

"அக்கா" என்றான். காலைக் கீழே இறக்கினான்.

"கதையை நடத்துறவருக்கு ஆட்டத்துல அதுதாம்மா பேரு" என்று என் முதுகுக்குப் பின்னால் வடிவமைப்பாளர் மெல்லச் சொன்னாள். "மழையைக் கொண்டு வர்றவர் அவர்தானே. இவர்தான் முதல் மழைக்காரர். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

எனக்குக் கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை, ஆள்தான் மாறியது.

"ஏண்டா, அப்பா வெச்ச பேருக்கு என்ன குறைச்சல்? அதுக்குப் பக்கத்துல அப்பா பேரைப் போட்டுக்கக் கசக்குதா? வேஷக்காரன் மாதிரி இது என்ன பேரு?"

"குறைச்சல் ஒண்ணும் இல்ல. நீதான் போடாதேன்ன."

"நானா? எப்போ?"

"சம்பந்தி வீட்டுக்காரங்க முதல் முறை வந்துட்டுப் போன மறுநாள்."

நினைவு வந்தது. என் மகளுக்குப் பேசி முடித்த சமயம். தம்பி அப்போதுதான் வங்கி வேலையை விட்டிருந்தான். சம்பந்தி வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். சாப்பாட்டறையில் நாலு தடிப்பயல்களோடு இவன் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தான்.

"அவங்க உள்ள வந்தப்போ நான் செத்துக் கிடந்தேன்" என்றான் தம்பி, மேசையில் இருந்த நாலு பேரிடம். "குண்டான் மூடியைக் கேடயமாப் பிடிச்சுக்கிட்டுத் தரையில கிடந்தேன். சம்பந்தியம்மா என்னைத் தாண்டித்தான் போகணும். 'இவருக்கு உடம்புக்கு முடியலையா?'ன்னு கேட்டாங்க."

ஒருவன் சிரித்துவிட்டான். நான் திரும்பிப் பார்த்ததும் பகடையை எண்ணத் தொடங்கினான்.

"கோபத்துல ஆயிரம் சொல்லுவேன். அதையெல்லாம் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவியா?"

"நீ கோபத்துல சொல்லலக்கா. கோபத்துல சொல்லியிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன். உக்காருன்ன. குடிக்கத் தண்ணி குடுத்த. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டிருந்து சொன்ன. 'நீ என்ன வேணா ஆடு. ஆனா அப்பா பேரு இதுல எங்கயும் வரக் கூடாது. எனக்கு வாக்குக் குடு'ன்ன. குடுத்தேன். இந்த இருபத்தோரு வருஷத்துல ஒரு தாள்லகூட எழுதல. போய்த் தேடிப் பாரு."

தேட வேண்டியதில்லை. அவன் வாக்குக் கொடுத்தால் அப்படித்தான். அதனால்தானே அன்றைக்கு வாக்கு வாங்கினேன்.

பதிப்பாளர் நல்ல மனிதர். நடுவில் வந்தார். "அம்மா, ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரே ஒரு வரி. அஞ்சு நிமிஷத்துல மாத்திடலாம். சார், உங்க பேரையே போட்டுடலாமா? வீட்லயே சரின்னுட்டாங்க."

"மாத்துங்க" என்றேன். "அப்பா பேரோட சேர்த்து. பெரிய எழுத்துல."

"மாத்தக் கூடாது" என்றான் தம்பி.

"நான் சொன்னதை நானே திரும்ப வாங்கிக்கறேன். வாக்கு இல்ல. போதுமா?"

"வாங்கிக்கோ. பேரு மாறாது."

"திமிராடா?"

"ஆமா!" என்று மேசையில் அறைந்தான். பகடைகள் துள்ளித் தரையில் உருண்டன. அறுபது வயதில் முதல் தடவையாக என் எதிரில் குரலை உயர்த்தினான். "திமிர்தான். இந்தப் பேருக்கு எனக்குக் கடுதாசி வருது. இந்தப் பேரைச் சொல்லி ஜனங்க எனக்கு எந்திரிச்சு இடம் குடுக்கறாங்க. இதோ உக்காந்திருக்கானே, இவன் அப்பா செத்தப்போ இவன் முதல்ல கூப்பிட்டது மழைக்காரரைத்தான். அந்தப் பேர்ல நான் ஒரு ஆளு. உன் வீட்ல நான் யாரு? யாராவது கேட்டா என்ன சொல்லுவ? சொல்லேன், இவங்களும் கேக்கட்டும்."

நான் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டேன்.

"நானே சொல்றேன். வெளியூர்ல வேலையா இருக்கான்னு சொல்லுவ. சம்பந்தி வீட்ல இருந்து போன் வந்தாலே நான் செருப்பைத் தேட ஆரம்பிச்சிடுவேன். அவங்க முன்வாசல்ல நுழைஞ்சா நான் பின்படியில இறங்குவேன். மழை பெஞ்சாலும் இறங்குவேன். அவங்க சாப்பிட்டுக் கிளம்புற வரைக்கும் தெருமுனையில நிப்பேன். இருபத்தோரு வருஷமா நீ வெச்ச வேஷத்தைப் போட்டிருக்கேன். இப்போ புத்தகம் வந்தவுடனே அப்பா பேரு வேணுமா அட்டையில?"

அத்தனை பேர் எதிரில் சொன்னான். அவன் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் குடும்ப மானத்தைக் காப்பாற்றியதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்றைக்கும் அதைக் காப்பாற்றத்தான் மூன்று மாடி ஏறி வந்தேன்.

மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லை. பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, அங்கேயே, எல்லார் எதிரிலும் சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டேன்.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் தம்பி வெளியூர்ல இல்ல. எந்த நாளும் வெளியூர்ல இருந்ததில்ல. என் வீட்டு மாடியிலதான் இருக்கான். அன்னிக்குத் தரையில செத்துக் கிடந்தானே, அவன்தான். அந்த ஆட்டத்தைப் புத்தகமாப் போடறாங்க. அட்டையில வேற பேரு இருக்கும். அது அவன் பேருதான்."

சம்பந்தியம்மா சொன்னார்: "தெரியும் சம்பந்தி."

"தெரியுமா? எப்போ இருந்து?"

"ரெண்டாவது தடவை வந்தப்பவே. உங்க சாப்பாட்டறை ஜன்னல்ல இருந்து பின்படி நல்லாத் தெரியுமே. 'வெளியூர்க்காரர் கிளம்பிட்டார்'னு எங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் என் காதுல சொல்லுவார். ஒரு தடவை மழையில நனைஞ்சுக்கிட்டுப் போனார் பாவம். குடை குடுத்து அனுப்பலாம்னா, நீங்க சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டோம். நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தோம்."

எப்படிப் பேச்சை முடித்தேன் என்று தெரியவில்லை. இருபத்தோரு வருடமாக நான் தலை நிமிர்ந்து பரிமாறியிருக்கிறேன். அவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். காதெல்லாம் தீயாகச் சுட்டது. யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுவதற்கு அந்த அறையில் என்னைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை.

அச்சகத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. பதிப்பாளர் எடுக்காமல் என்னைப் பார்த்தார். வடிவமைப்பாளர் கணினிக்குத் திரும்பிப் போய், சுட்டியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியே தம்பியைப் பார்த்தாள். தம்பி குனிந்து, நாற்காலிக் கால்களுக்கிடையில் பகடைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்று அதட்டினேன். "எழுதினவன் எப்படிப் போடச் சொன்னானோ அப்படியே அனுப்புங்க. ஆனா எழுத்து சின்னதா இருக்கு. எனக்குக் கண்ணாடி போட்டாத்தான் தெரியும். பெரிசாக்குங்க."

"எவ்வளவும்மா?"

"தெருவுக்கு எதிர்ப்பக்கத்துல இருந்து படிக்கணும்."

"அட்டை கெட்டுடும்கா" என்றான் தம்பி மேசைக்கடியிலிருந்து. "கைதான் முதல்ல தெரியணும்."

"நீ வாயை மூடு. ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. முன்படியால இறங்கி வா. பந்தியில உக்காந்து சாப்பிடு."

அவன் எழுந்து நின்றான். "என்னை யாருன்னு சொல்லுவ?"

"மழைக்காரர்னு சொல்லுவேன். பின்ன, ஊரெல்லாம் ஒட்டி வெச்சுட்டு, இனிமே உன்னை எந்தப் படியில இறக்கி விடறது?"

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. வடிவமைப்பாளர் எழுத்தை ஒரு அளவு மட்டும் பெரிதாக்கினாள். அவன் தலையசைத்தான். அவள் சுட்டியை அழுத்தினாள்.