வாரேன் என்று சொன்னவள்

பிள்ளைகளுக்கான ஆன்லைன் வீடியோ கேம் கோடை முகாம் முடிந்த அன்று எல்லோரும் "பை" சொல்ல, சத்யப்ரியா மட்டும் "வாரேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினாள். பத்து நாளும் அவளும் புனேயில் பிறந்து வளர்ந்த தன்வியும் சேர்ந்து கேமுக்குள் ஒரு வீடு கட்டியிருந்தார்கள். தன்விக்குத் தமிழ் அரைகுறைதான்.

'போறேன்' என்று சொல்லிக் கிளம்புவது சத்யப்ரியா வீட்டில் ஆகவே ஆகாது. காலையில் அம்மா "வாரேன்டி" என்று சொல்லிக் கோர்ட்டு வேலைக்குப் போனால், திரும்ப ஏழு மணியாகும். கப்பலூர் கம்பெனிக்குப் போன அப்பா அதற்கும் பிறகுதான் வருவார். அதுவரை தல்லாகுளம் வீட்டில் அவளும் ஃபேன் சத்தமும்தான்.

மறுநாள் மனசு கேட்காமல் முகாமின் கேமைத் திறந்து பார்த்தாள். உள்ளே நுழைய முடியவில்லை. முகாம் நடத்திய அண்ணன் அனுப்பிய செய்தி மட்டும் இருந்தது.

"பாப்பா, நேத்து நீ வாரேன்னு சொன்னதை நம்பி, நான் கேமை மூடுற வரைக்கும் தன்வி நீங்க கட்டுன வீட்டு வாசல்லயே நின்னுச்சு."

"வாரேன்னா போறேன்னு அர்த்தம்ணே" என்று டைப் செய்தாள். அனுப்பவில்லை. அதை அழித்துவிட்டுக் கேட்டாள்:

"எம்புட்டு நேரம்ணே நின்னா?"