நாலடி மண்

சங்கு ஊதுகிறவனை முன்னால் விட்டு, நான்கு மேளக்காரர்களோடு தெருமுனை திரும்பிய பிறகுதான் முனிரத்தினத்துக்குச் சுரீரென்றது. தம்பி வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே வெள்ளைச் சேலைப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள். அட கடவுளே, கிறிஸ்துவ வேதத்துக்குப் போனவன் சாவுக்கு மேளத்தைக் கொண்டு வந்திருக்கிறோமே! அடித்தால் அவர்கள் பாட்டு கெடும். திருப்பி அனுப்பினால் தெருவே சிரிக்கும். கூட வந்த பங்காளி ஏகநாதனோ, "அடிங்கடா, இன்னா முழிக்கிறீங்க? செத்தது நம்ம வூட்டு ஆம்பள" என்று ஏற்றிவிட்டார்.

பந்தலிலிருந்து ஒல்லியாக ஒருவர் இறங்கி வந்தார். ஏசுபாதம். தாம்பரம் ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையரான மனிதர். அனகாபுத்தூரில் ஓர் ஓட்டு வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். துளசிங்கமாக இருந்த தம்பியை சத்தியநாதனாக்கிய ஆள்.

"வாங்கண்ணா. பாட்டு இன்னும் ஒரு சரணம் இருக்கு. முடிஞ்சதும் அவங்க கொஞ்ச நேரம் அடிக்கட்டும். அண்ணன் கொண்டாந்த மேளம், வேணாம்னு சொல்ல நான் யாரு?"

சண்டை வரும் என்று துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்ட மனிதருக்கு இப்படி ஒரு பதில் கிடைத்தால் என்ன செய்வது? முனிரத்தினம் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். ஒன்பது வருஷம் கழித்து அந்த வாசற்படியை மிதிக்கிறார்.

தம்பி பெட்டியில் படுத்திருந்தான். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுத் தலை சாய்த்தவன்தான், எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயசு. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. முனிரத்தினம் கொண்டுவந்த கோடி வேட்டியை மேலே போர்த்தினார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார், வந்தது கோபம். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாயேடா என்ற கோபம்.

இந்தத் துளசிங்கம் ஒரு காலத்தில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற ஆள். சனிக்கிழமை திருநீர்மலைக் கோயில் படி ஏறுவான். ஞாயிற்றுக்கிழமை சாமியே இல்லை என்று பேசுகிற கூட்டத்தில் முன்வரிசையில் கை தட்டுவான். டீக்கடையில் காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி. ஊரே அவனை வைத்துச் சிரிக்கும். அப்படிப்பட்டவன் திடீரென்று ஏசுபாதத்தின் ஓட்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தபோது, இதுவும் ஆறு மாதம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எண்பத்து மூன்றில் கேஸ் வந்தது. முனிரத்தினத்தின் நிலத்தை ஒட்டி பட்டாபிராமன் என்ற பள்ளிக்கூட வாத்தியார் மனை வாங்கியிருந்தார். எல்லைக் கல் நாலடி நகர்ந்திருக்கிறது என்று அவர் கோர்ட்டுக்குப் போனார். ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் கல் அங்கேயேதான் இருந்தது என்று ஆளுக்கொரு விதமாக அடித்துச் சொன்னார்கள். கடைசி சாட்சி துளசிங்கம். கூண்டில் ஏறினான். "கல்ல அண்ணன்தான் நகர்த்துனாரு. கூட நான்தான் மண்ணு வெட்டுனேன்" என்றான். முனிரத்தினத்தின் பக்கம் அன்றைக்கே படுத்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் முனிரத்தினம் அவன் சட்டையைப் பிடித்தார். "யார் சொல்லிக் குடுத்தாண்டா உனக்கு?"

"அண்ணே, இத்தினி நாளா ஆளாளுக்கு இன்னா சொல்றாங்கன்னு கேட்டு ஆடிகினு இருந்தேன். இப்ப மேல இருக்குற ஒருத்தர் சொல்றத மட்டும்தான் கேக்குறேன். அவரு என்னப் பொய் சொல்ல வுட மாட்றாரு, நான் இன்னா பண்ணட்டும்?" என்றான் துளசிங்கம். பயத்தில் அவன் கால் உதறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு கதை உலவியது. வாத்தியார் துளசிங்கத்தின் மகளுக்கு டீச்சர் வேலை வாங்கித் தருகிறேன் என்றாராம், அதற்காகக் கூடப் பிறந்தவனையே காட்டிக்கொடுத்தானாம். அந்தக் கதையைக் கட்டியவர் சாட்சாத் முனிரத்தினம்தான். சொல்லச் சொல்ல அதற்குக் கையும் காலும் முளைத்தது. போகப் போக அவரே அதைப் பாதி நம்பிவிட்டார்.

இப்போதும் பந்தலில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. மேளம் ஓய்ந்து முனிரத்தினம் வெளியே வந்து உட்கார்ந்தபோது ஏகநாதன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து, "நல்லவன்தான். ஆனா வேலைக்கு ஆசப்பட்டு அண்ணன் கழுத்துல கத்தி வெச்சிட்டான்ல" என்றார். தம்பியின் மனைவி தனக்கோடி இரண்டு அடி தள்ளித்தான் நின்றாள். காதில் விழாமல் இருக்காது. அவள் முகம் மாறவில்லை. முனிரத்தினத்துக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"என் பேச்சு எப்பனாச்சும் எடுப்பானாம்மா?" என்று கேட்டார் அவர்.

"எங்க கிட்ட எடுக்க மாட்டாரு மாமா. சோத்துக்கு முன்னாடி கண்ண மூடுவாரில்ல, அப்ப மொதப் பேரு உங்க பேருதான். அப்புறம் உங்க பிள்ளைங்க பேரு, பேரப் பிள்ளைங்க பேரு. கொழம்பு ஆறிப்பூடும். உங்க குடும்பத்த ஒரு நாளு சுருக்கமா முடிங்களேன்னு நான் கேலி பண்ணுவேன்." அவள் லேசாகச் சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்தும் ஆறிப்போன சோறுதான் துன்னாரு."

முனிரத்தினம் செம்பைக் குடிக்காமலே கீழே வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஒன்பது வருஷமும் தினம் இரண்டு வேளை தன் பேரைச் சொல்லியிருக்கிறான், பாவி.

பெட்டியைப் பந்தலுக்குக் கொண்டுவந்து மூடுவதற்கு முன்னால் ஏசுபாதம் வழக்கம்போல, "குடும்பத்துல யாராவது அவரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்றதுன்னா சொல்லலாம்" என்றார். மூலையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு பட்டாபிராமன் வாத்தியார் உட்கார்ந்திருப்பதை முனிரத்தினம் அப்போதுதான் பார்த்தார். இதோ, இப்போது மூடிவிடுவார்கள். மூடினால் தம்பியோடு அவன் கெட்ட பேரும் உள்ளே போய்விடும், யாரும் எடுக்க முடியாது. ஊர்ப் பெரியவர் என்ற தன் பேரா, தம்பி பேரா? தன்னை அறியாமல் எழுந்து நின்றார்.

"எனக்குப் பேச வராது. ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "எம்பத்து மூணுல கல்ல நகர்த்துனது நான்தான். மழ வுட்ட மத்தியானம். கடப்பாற என் கையில, மம்பட்டி தம்பி கையில. நாலடி. கோர்ட்டுல அவன் சொன்னது அத்தினியும் நெசம். வேல கீலன்னு சொன்னதெல்லாம் நான் கட்டுன கத."

ஏகநாதன் ஓடிவந்து அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "துக்கத்துல இன்னா பேசுறோம்னே தெர்ல அண்ணனுக்கு. யாராச்சும் சோடா வாங்கியாங்கப்பா!"

"தம்பிக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்கினாரு பாரு, இன்னா மனசு!" என்றாள் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி. ஆமாம், ஆமாம் என்று நாலு தலை ஆடியது.

முனிரத்தினம் திகைத்துப்போனார். பொய்யைச் சொன்னபோது ஒரே வாயில் விழுங்கியவர்கள், நிஜத்தைச் சொன்னால் துப்புகிறார்களே! தம்பி ஒன்பது வருஷம் இதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தான்? மானம் போய்விட்டதா என்று நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அங்கே ஒரு பாரமும் இல்லை. சாவு வீட்டில் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று வெட்கமாகக்கூட இருந்தது.

வாத்தியார் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "அன்னிக்கு உங்க தம்பி கோர்ட்டிலேர்ந்து இறங்கி என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை சார். நான் தேங்க்ஸ் சொல்ல வந்தேன், அதுக்குள்ள உங்க பின்னாடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிட்டார்."

பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் முனிரத்தினம் தோள் கொடுத்தார். யாரும் தடுக்கவில்லை. மேளக்காரர்கள் தெருமுனை வரை அடித்துவிட்டு நின்றுகொண்டார்கள், அங்கிருந்து பாட்டு. ஆற்றோரக் கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டுவிட்டு, "போய்ட்டு வாடா" என்றார். அப்போதுதான் அழுதார், நன்றாக, சத்தமாக, மனசு நிறைய.

வெயில் தாழ்ந்து எல்லோரும் திரும்பி நடந்தார்கள். முந்தின நாள் மழையில் பாதை இன்னும் ஈரமாக இருந்தது. ஏகநாதன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஆனாலும் அண்ணே, செத்தவன் பேரக் காப்பாத்த உன் பேரக் கெடுத்துக்கினியே. யாருக்கு வரும் இந்த மனசு?"

முனிரத்தினம் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் ஈர மண்ணில் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

"இங்க வா ஏகநாதா. நல்லா பாத்துக்க. இது நம்ம நெலத்து வாய்க்கா. அந்தாண்ட வாத்தியார் மனை. கல்லு மொதல்ல இங்க இருந்துச்சு."

பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். ஏகநாதன் குனிந்து பார்த்தார்.