எச்.டி.யில் ஒரு மாப்பிள்ளை

"மாப்பிள்ளைட வீடியோ ஒண்டு இருந்தாக் கொண்டு வாங்க மாமி. நானும் அவரைப் பாக்கணும்."

கலியாணப் பேச்சோடு வந்திருந்த மைமூனா மாமி, வாயிலிட்ட வெற்றிலையை மெல்ல மறந்துபோனார். றுஸ்தாவின் உம்மா ஹாஜறாவின் கையில் இருந்த வட்டிலப்பத் தட்டு ஒரு பக்கம் சரிந்தது. றுஸ்தா பெரியபிள்ளையான நாளிலிருந்து உம்மா அவளுக்குப் போட்டு வைத்த தடைகள் ஏராளம். உச்சத்தில் இருந்தது இதுதான்: மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்று நீயாகக் கேட்கக் கூடாது. பெண்ணைப் பார்ப்பார்கள், பெண்ணுக்குக் கொடுக்கும் வீட்டைப் பார்ப்பார்கள், அந்த வீட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றும் பார்ப்பார்கள். அதெல்லாம் முறை. பெண் திருப்பிப் பார்க்கக் கேட்டால் அது வாய்.

றுஸ்தாவுக்கு வாய் இருந்தது. அந்தக் குடும்பத்தில் முதன்முதல் கம்பஸ் போய், அரசியல் விஞ்ஞானத்தில் பட்டம் எடுத்துக்கொண்டு வந்தவள் அவள்தான். வந்த நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை.

"வீடியோவா?" என்றார் மைமூனா மாமி, வெற்றிலை திரும்பவும் நினைவுக்கு வந்தவராக. "என்ன புள்ள கதைக்காய் நீ? மாப்பிள்ளை வீட்டு நிந்தவூர் ஆக்கள் என்ன நினைப்பாங்க?"

"அவங்கட சொந்தக்காரர் வந்து என்னை வீடியோவுலதானே பார்த்தாங்க? அப்ப நான் ஒண்ணும் நினைக்கல்லியே."

அது உண்மை. அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் பார்க்க வந்ததாகச் சொல்வதில்லை. "உங்கட மூத்த மகள் றிப்னாட கலியாண வீடியோவைப் பாக்க வந்த" என்பார்கள். டிவிடியைப் போட்டதும், மணப்பெண் றிப்னாவை யாரும் பார்க்க மாட்டார்கள். அவளுக்குப் பக்கத்தில் மல்லிகைப்பூத் தட்டோடு நிற்கிற தங்கச்சியைத்தான் பார்ப்பார்கள். அந்த டிவிடியில் றுஸ்தா பால் மாதிரி இருந்தாள். ஸ்டூடியோக்காரர் அவசரத்தில் பதிந்து கொடுத்த பிரதி. வெளிச்சம் கூடி, முகங்களெல்லாம் வெளிறி, மூக்கிருக்கும் இடத்தில் ஒரு நிழல் மட்டும் தெரியும். நேரில் பார்த்தால் றுஸ்தா நல்ல கறுப்பு. கன்னத்தில் பருக்களும் உண்டு. அதைப்பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை, உம்மாவுக்குத்தான் இருந்தது.

இந்த வெள்ளையெல்லாம் தங்கள் வீட்டுப் பழைய பிளேயர் தந்த பரக்கத், அருள் என்று உம்மா நம்பினார். அதனால்தான் வீட்டில் ஒரு சண்டை ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. றிப்னாவின் மாப்பிள்ளை ஜவாத், ஊர் வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து குடியிருப்பவர். அவருக்கு எச்.டி. பிளேயர் வேண்டும். சொந்தக் கலியாணத்தில் தான் உடுத்த ஷெர்வானியின் சரிகை வேலைப்பாடு திரையில் தெரிவதில்லை என்பது அவருடைய நெஞ்சில் கிடந்த முள். மாமியார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பதில்லை, திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார்: "றிப்னா, தம்பிட்டச் செல்லு. சின்னவள்ட காரியம் முடியட்டும். மறுகா என்ன மெசின் எண்டாலும் வாங்கலாம்."

ஆக, ஜவாத் மச்சான் எச்.டி. பார்க்க வேண்டுமானால் றுஸ்தாவுக்குக் கலியாணம் ஆகவேண்டும். மனிதர் அதற்காக ஐந்து நேரமும் துஆ கேட்டார். அவளுடைய நலனில் அந்த வீட்டில் அவ்வளவு அக்கறையாக வேறு யாரும் இருக்கவில்லை.

யாரும் எதிர்பாராதபடி நிந்தவூர்க்காரர்கள் வீடியோவை அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை ஜவுபருடைய கூடப்பிறந்த மூத்த காக்காவின் கலியாணம். பளபளவென்று நீலப் பெட்டிக்குள் ஒரு வீடியோத் தட்டு. மச்சான் அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகப் பிளேயருக்குள் போட்டார். பிளேயர் உறுமியது, விக்கியது, கடைசியில் தட்டைத் துப்பிவிட்டது.

"புளூரே!" என்றார் மச்சான். முகத்தில் பெருநாள் பிறை தெரிந்தது. "இது எச்.டி.லதான் ஓடும். மாப்பிள்ளையைப் பாக்கணுமெண்டா மெசின் மாத்தியே ஆகணும்."

திரைச்சீலை நடுங்கியது. "றிப்னா, தம்பிட்டச் செல்லு. மாப்பிள்ளையைப் பாக்கத் தேவையில்ல. அல்லாஹ் தந்த முகம் எப்படியும் இருக்கும்."

"எனக்குத் தேவை," என்றாள் றுஸ்தா.

"புது மெசின்ல போட்டா உன்ட முகம் அப்படியே விளங்கும், மனே! பருவெல்லாம் எண்ணுவாளுகள்!" உம்மா மகளிடம் கத்தினார்.

"உம்மா, மெசின் மாறினாலும் நம்மட டிவிடி பழசுதானே? அதுல பதிஞ்சதுதான் தெரியும். நான் வெள்ளையாத்தான் இருப்பன், பயப்படாதீங்க."

"நீ படிச்சது அரசியல். மெசினைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

வயலிலிருந்து வந்து முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த வாப்பா கலந்தரிடம் விடயம் போனது. அவர் சவளக்கடை வயலில் செய்கிற வேளாண்மையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் எல்லாருக்கும் ஓம் என்று சொல்லிப் பழகியவர். மச்சான் கேட்டதற்கும் ஓம் என்றார், உம்மா கேட்டதற்கும் ஓம் என்றார். இந்த இரண்டாவது ஓம் வருவதற்குள் மச்சான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்முனை பஸாருக்குப் போய்விட்டார். சிநேகிதர் கடை. வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற பேச்சில் ஒரு எச்.டி. பிளேயரை மடியில் வைத்துப் பிள்ளையைக் கொண்டு வருவதுபோல் கொண்டுவந்தார்.

முதலில் பழைய டிவிடியைப் போட்டார்கள். பெண்கள் பக்கத்துப் படம் என்பதால் மச்சான் வெளியே போனார். உம்மா கண்ணைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கால் பார்த்தார். றுஸ்தா முன்போலவே பால். மூக்கும் முன்போலவே காணாமல் இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" உம்மாவின் கை கீழே இறங்கியது. "நல்ல மெசின். இதுவும் நம்மட பக்கந்தான் நிக்குது."

பிறகு நீலப் பெட்டித் தட்டு உள்ளே போனது. மச்சானும் உள்ளே வந்தார். திரைச்சீலையும் தன் இடத்துக்குப் போனது.

அப்பா, அது என்ன தெளிவு! நிந்தவூர் மண்டபத்துக் கதிரைகளின் கால்களில் ஒட்டியிருந்த விலைச்சீட்டுக்கூடத் தெரிந்தது. மச்சான் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "என்ட ஷெர்வானியை இப்படி எடுத்திருந்தா..." என்று முணுமுணுத்தார். ஜவுபர் வந்தான். உயரம், வெட்டிய தாடி, நல்ல சிரிப்பு. உம்மா திரைக்குப் பின்னாலிருந்து மாஷா அல்லாஹ் சொன்னார். றுஸ்தாவுக்கும், உண்மையைச் சொன்னால், மனம் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தது.

அடுத்தது சாப்பாடு. பாயில் ஆண்கள் ஐந்து பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரிய தட்டில் குவித்த சோறு, அவரவர் பக்கத்தில் அவரவருக்கு ஒரு கோழிக்கால். ஒரே தட்டென்றாலும் எல்லை உண்டு. தன் முன்னால் இருப்பதைத் தின்பதுதான் மரியாதை. ஜவுபருக்குப் பக்கத்தில் ஒரு வயதாளி. யாரோ கூப்பிட, அவர் திரும்பி ஸலாமுக்குப் பதில் சொன்னார்.

"மச்சான், நிப்பாட்டுங்க," என்றாள் றுஸ்தா. "ஒழுப்பம் பின்னுக்குப் போங்க."

கொஞ்சம் பின்னால் போனார்கள். ஜவுபரின் கை சோற்றுமலையைத் தாண்டிப் போனது. வயதாளியின் கோழிக்காலைத் தூக்கியது. தன் பக்கத்துச் சோற்றுக்குள் புதைத்து, மேலே இரண்டு தட்டுத் தட்டி மட்டம் செய்தது. எச்.டி. ஒரு சோற்றுப் பருக்கையையும் விட்டுவைக்கவில்லை. வயதாளி திரும்பினார். தன் கோழிக்காலைக் காணவில்லை. சோற்றைக் கிளறினார். தட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஜவுபரும் குனிந்து, முகத்தில் பெரும் கவலையோடு, அவரோடு சேர்ந்து தேடினான்.

மச்சான் படத்தை நிறுத்தினார்.

"பசிச்சிருக்கும்," என்றது திரைச்சீலை.

"சஹன்ல ஆருட துண்டு எண்டு பேர் எழுதியா கிடக்கு?" என்றார் மச்சான்.

"எழுதி இல்லதான்," என்றார் வாப்பா மெதுவாக. "ஆனா எல்லாருக்கும் தெரியும்." வாழ்க்கையில் அவர் ஓம் சொல்லாத நாட்களில் அது ஒன்று.

றிப்னா புருசனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க ஏன் இப்ப அவனுக்குப் பரிஞ்சு கதைக்கீங்க? நம்மட வீடியோவுலயும் சஹன் இருக்குதானே? பொறுங்க, போடுவம்."

"அது பழைய டிவிடி," என்றார் மச்சான் அவசரமாக. "அதுல ஒண்ணும் விளங்காது."

"எடுத்தது கூடப் பரவாயில்ல, உம்மா," என்றாள் றுஸ்தா. "ஆசைப்பட்டு எடுத்திட்டான். சேர்ந்து தேடினான் பாருங்க! நாளைக்கு என்ட எதையும் எடுத்திட்டு என்னோட சேர்ந்து தேடுவான். நான் ஆயுள் முழுக்கச் சோத்தைக் கிளறிக்கிட்டு இருக்கணும்."

"ஒரு கோழிக்காலுக்காக ஒரு மாப்பிள்ளையை வேணாமெண்டுவாயா? நாளைக்கு அவங்க வாறாங்க. வாயைத் திறக்காம சர்பத்தை மட்டும் குடு."

மறுநாள் பின்னேரம் மாப்பிள்ளையின் உம்மா றபீக்கா, மைமூனா மாமியோடு வந்து சோபாவை நிறைத்தார். மச்சான் முறைப்படி வெளி விறாந்தைக்குப் போய் உட்கார்ந்தார். உம்மா பழைய டிவிடியைப் போட்டார். றபீக்கா திரையைப் பார்த்து உருகினார்.

"இவதான் சின்ன மகளா? சுபஹானல்லாஹ், பவுண் மாதிரிப் புள்ள! வெட்கமும் இருக்கு, பாருங்க, வாயே திறக்கிறல்ல."

அந்த நேரம் றுஸ்தா சர்பத் தட்டோடு அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். றபீக்கா கிளாஸை எடுத்தார். "இவ ஆரு? வேலைக்கு நிக்கிற புள்ளையா?"

"அவ... அவதான்..." என்றார் உம்மா.

றபீக்கா திரையைப் பார்த்தார், றுஸ்தாவைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார். "அந்த லைட்டைப் போடுங்க," என்றார்.

"லைட் வேணா மாமி, இதைப் போடுறன்," என்றாள் றுஸ்தா. காலையிலேயே அவள் ஸ்டூடியோவுக்குப் போயிருந்தாள். றிப்னாவின் கலியாணத்தில் பெண்கள் பக்கத்தைப் படம் பிடித்தவள் அங்கே வேலை செய்கிற றெஜிதா, எச்.டி.யில் எடுத்த அசல் அவளிடம் பத்திரமாக இருந்தது. அதன் புளூரேப் பிரதியை றுஸ்தா இப்போது உள்ளே போட்டாள். உம்மா றிமோட்டைத் தேடினார். அது றுஸ்தாவின் கையில் இருந்தது.

திரையில் றுஸ்தா வந்தாள். கறுப்பு நிறம், பருக்கள், உம்மா அப்பிய பவுடர் தாடையில் முடிந்து கழுத்துத் தொடங்குகிற எல்லைக்கோடு, எல்லாம் வந்தது. கமராவைப் பார்த்து, "எத்தினை தரம் என்னையே எடுக்காய்? கலியாணப் பொம்பிளை அங்க இரிக்கா, அவவை எடு!" என்று அதட்டிய வாயும் வந்தது.

றபீக்கா சர்பத்தைக் கீழே வைத்தார். வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பிறகு மனம் பெரியவராகச் சொன்னார்: "நிறம் குறைவுதான். வாயும் கூடத்தான். எண்டாலும் மகனுக்குச் செல்லிப் பாக்கலாம். வீட்டோட அந்தச் சவளக்கடை வயலையும் சேர்த்து எழுதினா ஒரு குறையும் தெரியாது."

"எழுதலாம்," என்று உம்மா சொல்லத் தொடங்கினார். வாசலில் நின்ற வாப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன் காலில் காய்ந்திருந்த வயல் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

றுஸ்தா பிளேயரில் தட்டை மாற்றினாள். நிந்தவூர் மண்டபம் வந்தது. சஹன் வந்தது. கை போனது, கால் வந்தது, சோறு மட்டமானது, தேடல் தொடங்கியது. மைமூனா மாமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அப்படியும் தோள்கள் குலுங்கின.

"அது எங்கட மூத்தப்பா!" என்று றபீக்கா எழும்பினார். "அவருக்கு வாயில ஒரு பல்லும் இல்ல! கோழிக்காலை வச்சு அவர் என்ன செய்யிற?"

"அதை அவர்ட்டக் கேட்டிட்டு எடுத்திருக்கலாமே மாமி," என்றாள் றுஸ்தா. "வாப்பாவுக்கும் வயசு போகுது. நாளைக்கு அவருக்கு வயல் என்னத்துக்கு எண்டுவீங்க. எனக்கு இந்த மாப்பிள்ளை வேணா. நேத்தே வேணாமெண்டு முடிவெடுத்திட்டன். நீங்க சர்பத்தைக் குடிங்க, நான் போட்டதுதான்."

"றுஸ்தா!" என்றார் உம்மா.

"எனக்குக் கிளாஸ் இரிக்கி உம்மா. பிள்ளைகள் காத்துக்கிட்டு இரிப்பாங்க."

சாய்ந்தமருதில் அவள் பாடம் எடுக்கிற தனியார் வகுப்பு அது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற வாப்பாவைக் கடந்தாள். அவர் ஒரு அடி ஒதுங்கி வழிவிட்டார். சிரிப்பை மறைக்கவோ என்னவோ, சால்வையால் மூக்கைத் துடைத்தார்.

விறாந்தையில் ஜவாத் மச்சான் எழுந்து நின்றார். உள்ளே நடந்ததெல்லாம் கேட்டிருந்தது. முகம் விழுந்து கிடந்தது. காரியம் முடிந்தால்தான் மெசின் என்பது மாமியாரின் கட்டளை. காரியமோ முடியாமல் முறிந்துவிட்டது.

"அப்ப, தங்கச்சி," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த மெசினைக் கடையில திருப்பிக் குடுக்கவா?"

றுஸ்தா செருப்பை மாட்டினாள்.

"குடுக்காதீங்க மச்சான். அடுத்தவனையும் இதுலதான் பாக்கணும்."

கேற்றைத் திறந்துகொண்டு வெளியே போனாள். பிரதான வீதியில் சாய்ந்தமருது வழியாகப் போகிற அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் கையைக் காட்டினாள்.